ஒருநாள் கிண்ணமும் ஒழுங்கான லீக்கும்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்விழாவிலே பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசினால் நலமாயிருக்கும் என்றார்கள். அவ்விரண்டையும் பற்றிப் பேசுதற்கு என்னிலும் எத்தனையோ மடங்கு தகுதியுடையோர் இம்மேடையிலே வீற்றிருக்கிறார்கள். நானோ பாதிரிமார் நடத்திய பாடசாலையிலே படித்து, இப்போது பல்கலைக்கழகத்திலே பயிலும் ஒரு மாணவன். தேவாரம் கற்றது நமது கோயில் மண்டபத்திலே. உதைபந்தாட்டம் கற்றது அப்பாடசாலை மைதானத்திலே. முதலாவதைப் பற்றிப் பேசத் துணிவில்லை. ஆகவே இரண்டாவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இந்து வாலிபர் மன்றத்தின் மேடையிலே உதைபந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆந் திகதி மேனாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பிலே வந்திறங்கினார். அங்கிருந்து யாழ்ப்பாணம் வழியாகத் தமிழ்நாடு சென்று, சென்னையிலே இளைஞர்களுக்குப் பேசும்போது, பலவீனர்களாய் இருந்துகொண்டு கீதை படிப்பதிலும் உதைபந்தாட்டம் ஆடுவது உங்களை விண்ணுலகுக்கு அண்மையிலே கொண்டுசெல்லும் என்னும் கருத்தைக் கூறினார். இதை நாம் எத்தனையோ மேடைகளிலே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த உதைபந்தாட்டத்துக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? ஆண்டுக்கு ஒரு நாள், பொங்கலையொட்டி ஒரு கிண்ணப் போட்டி. அவ்வளவே.

அந்தப் போட்டியைப் பற்றிய ஒரு நினைவோடு என் பேச்சைத் தொடங்குகிறேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. பதினாறு தோட்டங்களின் அணிகள் வந்திருந்தன. அணிக்கு எழுவர், ஆட்டம் இருபது நிமிடம். எங்கள் தோட்டத்தின் கோல்காப்பாளர் என் பெரியப்பா மகன். பால்வெட்டு முடிந்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெரட்டுக்களத்திலே இரண்டு மாதம் பழகினார். பந்து பிடிக்கப் பாய்ந்து பாய்ந்து முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தது. எங்கள் ஆட்டத்திலே இரு பக்கத்தாருக்கும் கோல் இல்லை. பெனால்டி உதைகளிலும் சமநிலை. பொழுது சாய்கிறது, இன்னும் பல ஆட்டங்கள் இருக்கின்றன. மத்தியஸ்தர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டினார். பூவா தலையா? எங்களுக்குத் தலை விழவில்லை. நாங்கள் லொறியிலே ஏறி வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த மாதம் அண்ணன் கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய உதைபந்தாட்ட வாழ்க்கை இருபது நிமிடமும் ஒரு நாணயமும். அவர் உண்மையிலே கெட்டிக்காரரா, சாதாரண ஆட்டக்காரரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை. இதனை யாரையும் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கிண்ணப் போட்டியை நடத்தியவர்களிலே என் உறவினரும் உண்டு. குறை மனிதரிலன்று, முறையிலே இருக்கிறது.

அந்த முறையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். பதினாறு அணிகள் விலகல் முறையிலே மோதினால் மொத்தம் 15 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. பதினைந்து அணிகள் போனபின் எஞ்சுவது ஒன்று. அவற்றுள் எட்டு அணிகள், அதாவது வந்தவர்களிலே சரிபாதிப் பேர், ஒரே ஓர் ஆட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். இப்போது வேறொரு கணக்கு. ஆறு அணிகள் மட்டும் சேர்ந்து, ஒவ்வோர் அணியும் மற்றைய ஐந்தோடும் ஒருமுறை ஆடினால் எத்தனை ஆட்டங்கள்? அதுவும் 15தான். ஆனால் அங்கே ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ஆட்டங்கள் கிடைக்கின்றன. முதல் ஞாயிறு தோற்றவன் அடுத்த ஞாயிறு எழுந்து நிற்கலாம். இதுவே லீக் முறை.

இந்த முறை எப்படிப் பிறந்தது என்பதைச் சொன்னால் நம் நிலைமை அதிலே தெரியும். இங்கிலாந்திலே கிண்ணப் போட்டி 1871-72இலேயே தொடங்கிவிட்டது. 1885ஆம் ஆண்டிலே ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் சம்பளம் வாரந்தோறும் கொடுக்கவேண்டும். ஆட்டமோ வாரந்தோறும் இருக்காது. கிண்ணப் போட்டியிலே முதற் சுற்றிலே தோற்ற கழகத்துக்கு அதன்பின் நிச்சயமான ஆட்டமில்லை. நட்புறவு ஆட்டமென்று நாள் குறிப்பார்கள். எதிரணி கடைசி நேரத்திலே வராது. வாயிற்பணம் இல்லை, சம்பளம் கொடுக்க வழியில்லை. இந்த அவலத்தைக் கண்டவர் வில்லியம் மக்கிரகர் என்பவர். அவர் ஒரு பிரபுவல்லர். பெர்மிங்காம் நகரிலே துணிக்கடை வைத்திருந்தவர். அஸ்ரன் வில்லா கழகத்தோடு தொடர்புடையவர். 1888ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். குறித்த நாளிலே குறித்த இடத்திலே ஒருவர் மற்றவரோடு தவறாது ஆடுவோம் என்பதே அதன் சாரம். அவ்வாண்டு செப்டெம்பரிலே 12 கழகங்களோடு உலகின் முதலாவது உதைபந்தாட்ட லீக் தொடங்கியது. முதற் பட்டத்தைப் பிரெஸ்ரன் கழகம் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வென்றது. இன்று உலகமெங்கும் நடக்கும் லீக்குகள் யாவும் ஒரு துணிக்கடைக்காரர் எழுதிய கடிதத்தின் பேரப்பிள்ளைகள்.

ஒரு நாட்டின் முதற்தர லீக் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, ஆட்ட அட்டவணை. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 1992ஆம் ஆண்டிலே 22 கழகங்களோடு தொடங்கி, 1995 முதல் 20 கழகங்களோடு நடைபெறுகிறது. ஒவ்வொரு கழகமும் மற்றைய 19 கழகங்களோடும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, அவர்கள் மைதானத்தில் ஒருமுறை ஆடும். ஆக ஒருவருக்கு 38 ஆட்டங்கள், மொத்தம் 380. இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்றில்லை.

இரண்டாவது, புள்ளி. வென்றால் 3, சமநிலையானால் இரு பக்கத்துக்கும் 1, தோற்றால் ஒன்றுமில்லை. முன்னர் வெற்றிக்கு 2 புள்ளிதான். சமநிலையோடு திருப்திப்பட்டு மந்தமாக ஆடும் பழக்கத்தை ஒழிக்க 1981இலே இங்கிலாந்து 3 புள்ளி முறையைக் கொண்டுவந்தது. பின்னர் உலகம் முழுவதும் அது பரவியது. இருவர் புள்ளி சமமாயின், அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் வித்தியாசத்தைப் பார்ப்பது வழக்கம். நாணயத்துக்கு அங்கே வேலையில்லை.

மூன்றாவது, பதிவு. நமது தோட்டத்திலே செக்ரோலிலே பெயர் இல்லாதவனுக்குச் சம்பளம் இல்லை அல்லவா? அதுபோல லீக்கிலே பதிவில்லாதவன் களத்திலே இறங்கலாகாது. ஓர் ஆட்டக்காரன் ஒரு கழகத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போவதற்கு ஆண்டிலே குறித்த காலம் உண்டு. இன்றைக்கு இந்தத் தோட்டத்துக்கும் நாளைக்கு அந்தத் தோட்டத்துக்கும் காலணியை மாற்றிக்கொண்டு ஆடுகின்ற நமது கிண்ண வீரர்களின் வித்தை அங்கே செல்லாது.

நான்காவது, ஏற்றமும் இறக்கமும். பிரிமியர் லீக்கிலே கடைசி மூன்று இடங்களைப் பெறும் கழகங்கள் அடுத்த பருவத்திலே இரண்டாந் தரத்துக்கு இறங்கவேண்டும். கீழேயிருந்து மூன்று கழகங்கள் ஏறிவரும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் லூற்றன் என்னும் ஊரின் கழகம். 2014ஆம் ஆண்டுவரை அது ஐந்தாந் தரத்திலே கிடந்தது. படிப்படியாக ஏறி 2023இலே பிரிமியர் லீக்கை அடைந்தது. அதன் மைதானமாகிய கெனில்வேர்த் றோட்டுக்கு வரும் வெளியூர் ரசிகர்கள், வரிசையாய் அமைந்த தொழிலாளர் வீடுகளுக்கிடையே திறந்த வாயிலினூடாக உள்ளே நுழைவார்கள். மேற்படியிலே ஏறினால் வீடுகளின் கொல்லைப்புறம் தெரியும். அந்தப் படத்தைக் கண்டபோது எனக்கு நமது லயங்களே நினைவுக்கு வந்தன. ஒரே பருவத்தில், 2024இலே, லூற்றன் மீண்டும் இறங்கிவிட்டது; 2025இலே இன்னும் ஒரு படி இறங்கியது. ஆயினும் ஏணி அங்கேயே இருக்கிறது.

ஐந்தாவது, பணம். வாயிற்பணம், விளம்பரதாரர், தொலைக்காட்சி என்று மூன்று வழிகளிலே பணம் வருகிறது. பிரிமியர் லீக்கிலே உள்நாட்டுத் தொலைக்காட்சி வருமானத்தில் பாதியை எல்லாக் கழகங்களுக்கும் சமமாகப் பகிர்கிறார்கள். காற்பங்கு அணியின் முடிவு நிலைக்கேற்ப. மற்றைய காற்பங்கு ஒளிபரப்பாகும் ஆட்டங்களின் தொகைக்கேற்ப. கடைசி இடத்துக் கழகமும் பட்டினி கிடப்பதில்லை. ஏனென்றால் எதிராளி இல்லாமல் வெற்றியாளன் இல்லை. ஜெர்மனி நாட்டிலே 1963இலே தொடங்கிய பூண்டஸ்லீகாவிலோ, சில விதிவிலக்குகள் தவிர, ஒரு கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை அதன் அங்கத்தவரிடமே இருக்கவேண்டுமென்று விதியுண்டு. பணக்காரர் பணம் போடலாம்; கழகத்தை விழுங்கிவிட முடியாது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனம் 1939இலே உருவாகி, 1952இலே சர்வதேச சம்மேளனமாகிய பீபாவில் அங்கத்துவம் பெற்றது. பல ஊர்களிலும் உள்ள லீக்குகள் அதன் உறுப்புகள். கொழும்பிலே நடைபெற்ற 1995ஆம் ஆண்டுத் தெற்காசியக் கிண்ணத்தின் இறுதியாட்டத்திலே இந்தியாவைத் தோற்கடித்து நமது நாடு வெற்றி பெற்றது. இன்றைய இளைஞர் பலருக்கு இதுவே புதினமாயிருக்கும். தேசிய முதற்தரப் போட்டி 1985 முதல் வெவ்வேறு பெயர்களிலே நடந்து வந்தது. அதனை முழுமையான தொழில்முறை லீக்காக மாற்றும் முயற்சியாக 2021ஆம் ஆண்டு ஏப்ரலிலே சுப்பர் லீக் தொடங்கியது.

அதிலே 10 கழகங்கள் இடம்பெற்றன. தரைப்படையின் டிபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ் ஆகிய மூன்று, கொழும்பு எப்.சி., ரினோன், ரட்னம், றெட் ஸ்ரார்ஸ், நியூ யங்ஸ், களுத்துறையின் புளூ ஸ்ரார் ஆகியவை. பத்தாவதாக நாவலப்பிட்டியைச் சேர்ந்த அப்கன்ட்ரி லயன்ஸ். மலைநாட்டின் பெயரைத் தாங்கி ஒரு கழகம் முதற்தர லீக்கிலே நின்றது! அந்த லயன்ஸ் சிங்கங்கள். நாமோ லயன் வீடுகளிலே வாழ்பவர்கள். எழுத்திலே இரண்டும் ஒன்றாயிருப்பது நல்ல சகுனமென்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பத்திலே சப்ரகமுவா மாகாணத்திலிருந்து ஒன்றேனும் இல்லை. இரத்தினபுரியும் இல்லை, கேகாலையும் இல்லை.

அந்தச் சுப்பர் லீக் நிலைத்ததா? கொரோனாத் தொற்றினால் இடையிலே நின்று, பின் தொடர்ந்து முடிந்தது. பட்டம் பெற்ற புளூ ஸ்ரார், 2022 ஏப்ரலிலே ஆசியக் கழகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்திலே நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை 2-1 என வென்றது. அடுத்த ஆட்டத்திலே கல்கத்தாவின் மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றது. அதே ஆண்டு நாட்டிலே பொருளாதார நெருக்கடி, எரிபொருளுக்கு வரிசை. பின்னர் 2023 ஜனவரி 21ஆந் திகதி, சம்மேளனத்தின் காரியங்களிலே வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறிப் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. அத்தடை ஆகஸ்ட் 29ஆந் திகதிதான் நீங்கியது. ஏழு மாதத்துக்கு மேலாக நமது நாட்டு அணி சர்வதேச ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. ஆண்டுதோறும் தவறாது நடக்கவேண்டிய தொழில்முறை லீக், அவ்வாறு நடந்தேறவில்லை. பெரியவர்கள் கதிரைக்குப் போட்டியிட்டபோது இளைஞருக்குப் பந்து இல்லாமற் போயிற்று. இதிலே நமது மன்றங்களுக்கும் படிப்பினை உண்டென்பதை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

அயல்நாடாகிய இந்தியாவைப் பார்ப்போம். அங்கே பணம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டிலே 8 கழகங்களோடு இந்தியன் சுப்பர் லீக் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கியது. சென்னையின் எப்.சி. 2015இலும் 2017-18இலும் கிண்ணத்தை வென்றது. ஆனால் அந்த லீக்கிலே தொடக்கத்தில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. பணம் கட்டியவருக்கு இடம். இதனால் விளைந்த ஒரு கதையைக் கேளுங்கள். ஐ-லீக் என்னும் மற்றைய தேசிய லீக்கிலே, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிற்றி கழகம் 2018-19இலே முதலிடம் பெற்றது. பெரும் நகரத்துக் கழகங்களையெல்லாம் பின்தள்ளி வந்த வெற்றி அது. அதற்குப் பரிசாக மேலே ஏற முடிந்ததா? இல்லை, அப்போது ஏணி வைக்கப்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் அக்கழகம் தேசியப் போட்டிகளிலிருந்தே மறைந்துவிட்டது. பின்னரே வழி திறந்தது. 2022-23இலே ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் கழகமும், அடுத்த ஆண்டு கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கும் மேலே ஏறின.

அங்கேயும் ஒரு பள்ளம் காத்திருந்தது. இந்தியச் சம்மேளனம் 2010ஆம் ஆண்டிலே வர்த்தக உரிமையைப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு பெரிய வணிகக் கூட்டுக்கு ஒப்படைத்திருந்தது. 2025 டிசெம்பரிலே அந்த ஒப்பந்தம் முடியும் வேளை வந்தது. புதிய ஒப்பந்தம் ஆகவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரளவில் தொடங்கவேண்டிய போட்டி, ஆண்டு முடியும்வரை தொடங்கவில்லை. சில கழகங்கள் ஆட்டக்காரருடைய சம்பளத்தையே நிறுத்திவைத்தன. கோடிக்கணக்கான பணம் புரளும் லீக்கும் ஒரு கையெழுத்திலே தொங்கிக்கொண்டிருந்தது.

நண்பர்களே, இவற்றையெல்லாம் நான் சொன்னதன் நோக்கம் உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். லீக்கைப் பணம் மட்டும் நிறுத்தி வைப்பதில்லை. குறித்த நாள், எழுதிய விதி, நேர்மையான கணக்கு, ஏறுவதற்கு ஓர் ஏணி என்னும் நான்கும் இருந்தால் அது நிற்கும். அந்த நான்கும் நம்மிடம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது; அவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. ஆகவே இம்மன்றத்தின் முன் ஒரு யோசனையைப் பணிவோடு வைக்கிறேன்.

ஒரே பஸ் பாதையிலே அமைந்த ஆறு அணிகளைக்கொண்டு ஒரு சிறு லீக்கை ஆரம்பிப்போம். இறக்குவானைப் பக்கமானாலும் சரி, எட்டியாந்தோட்டைப் பக்கமானாலும் சரி. தொடங்குமிடத்தை மன்றம் தீர்மானிக்கட்டும். ஆறிலே ஓர் அணியேனும் அயற் கிராமத்துச் சிங்கள இளைஞரின் அணியாயிருக்கட்டும். அவர்களும் நாமும் ஒரே ஆற்றிலே குளிக்கிறோம். ஒரே பஸ்ஸிலே நின்றுகொண்டு போகிறோம். ஆனால் ஒருவர் பெயரை ஒருவர் அறியோம். ஐந்து வாரம் எதிர்த்து ஆடினால் பெயராவது தெரியும். கெட்ட காலம் வரும்போது பெயர் தெரிந்த ஒருவன் அடுத்த பக்கத்திலே இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைப் பழைய நாட்களைக் கண்ட பெரியோர் அறிவார்கள்.

காலம்: தைப்பொங்கல் கழிந்து பங்குனி வரை. நம் மாவட்டங்களிலே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆயினும் வைகாசியிலும் ஐப்பசியிலும் மைதானம் வயலாகிவிடும். தை, மாசி ஓரளவு வெயில் காலம். றப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் குறையும் காலமும் அதுவே. இளைஞர் கையிலே பணம் குறைந்தாலும் பொழுது இருக்கும். நாள்: ஞாயிறு பிற்பகல், அறநெறி வகுப்பு முடிந்த பின்னர். வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள், மூன்று மைதானங்களிலே. அட்டவணை போடுவது வெகு சுலபம். ஆறு பெயர்களை மேலே மூன்று, கீழே மூன்றாக எழுதுங்கள்; மேலும் கீழுமாய் எதிரெதிரே உள்ளவர்கள் மோதட்டும். அடுத்த வாரம் முதற்பெயரை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்றைய ஐந்தையும் கடிகார முள் சுற்றும் திசையிலே ஓரிடம் நகர்த்துங்கள். ஐந்து வாரத்திலே ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் சந்தித்துவிடுவார்கள். முதலாண்டு 15 ஆட்டங்கள். பழகியபின் இரு சுற்றாக 30.

விதி: ஒவ்வோர் அணியும் தொடக்கத்துக்கு முன்னரே இருபது பேருக்கு மேற்படாத பெயர்ப்பட்டியல் கொடுக்கவேண்டும், நடுவிலே அணி மாறலாகாது. ஓர் ஆட்டத்துக்கு அவ்விரண்டு தோட்டங்களையும் சேராதவரே மத்தியஸ்தர். சிவப்பு அட்டை பெற்றவருக்கு அடுத்த ஆட்டம் இல்லை. அவர் தலைவரின் மகனானாலும் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் திகதி, ஆடியவர் பெயர், கோல் அடித்தவர் பெயர், அட்டை வாங்கியவர் பெயர் அனைத்தையும் ஒரு கணக்குப் புத்தகத்திலே எழுதிவைக்கவேண்டும். இந்தப் புத்தகத்தையே நான் கிண்ணத்திலும் பெரிதாக மதிக்கிறேன். இன்று கொழும்பிலிருந்து ஒரு கழகத்தார் வந்து, உங்கள் பக்கத்திலே நல்ல ஆட்டக்காரன் யார் என்று கேட்டால், நாம் எதைக் காட்டுவோம்? புத்தகம் இருந்தால், இந்தப் பையன் பத்து ஆட்டங்களிலே ஏழு கோல் அடித்தான், ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கவில்லை என்று விரலை வைத்துக் காட்டலாம்.

பணம்: சகல அணிகளும் சம தொகை கட்டும். பட்டணத்துக் கடைக்காரர்கள் தருவதைப் பயணச் செலவுக்கென ஆறாகப் பிரிக்கவேண்டும். வென்றவருக்கு மட்டும் கொடுத்துவிடலாகாது. பன்னிரண்டு அணிகள் சேர்ந்தால் இரண்டு தரம் வகுத்து, மேலே கடைசியாய் வருபவர் இறங்க, கீழே முதலாய் வருபவர் ஏறட்டும். மாவட்ட லீக்கிலே ஓர் அணியையேனும் முறைப்படி பதிவுசெய்வது அதற்கடுத்த படி.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்களை நான் அறிவேன். மைதானம் தோட்ட நிர்வாகத்துடையது என்பார்கள். உண்மையே, ஆனால் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளின் திகதியைக் குறித்து எழுத்திலே கேட்பதற்கும், பொங்கலன்று காலையிலே துரையிடம் ஓடிப்போய்க் கெஞ்சுவதற்கும் வித்தியாசம் உண்டு. சண்டை வரும் என்பார்கள். வரலாம். கிண்ணப் போட்டியிலே அடித்துவிட்டு லொறி ஏறினால் ஓராண்டுக்கு முகம் பார்க்கவேண்டியதில்லை. லீக்கிலே அடித்தவன் அடுத்த வாரம் வேலிக்கு வெளியே நின்று தன் அணி தோற்பதைப் பார்க்கவேண்டும். ஒருமுறை பார்த்தால் கை தானாக அடங்கும். பெண் பிள்ளைகளுக்கு என்ன என்று என் தங்கை கேட்டாள். அந்தக் கேள்விக்கு எனக்கு இதுவரை விடையில்லை. முதலாண்டிலேயே இரண்டு அணிகளாவது சேருமானால் விடை கிடைத்துவிடும்.

பந்து உதைத்தால் வயிறு நிரம்புமா என்று கேட்கும் பெரியோருக்கு ஒரு வார்த்தை. நிரம்பாது. ஆறு தோட்டத்து லீக்கிலிருந்து நாளைக்கே ஒருவன் தேசிய அணிக்குப் போய்விடுவான் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் வரவில்லை. நாட்டின் தொழில்முறை லீக்கே தள்ளாடுகிறது. நான் கேட்பது இவ்வளவே: நமது பிள்ளை ஒருவன் இரண்டு மாதம் முழங்கை தேயப் பழகினால், அவனுடைய திறமையை நாணயம் அளக்கக்கூடாது. கொழுந்து நிறுக்கும் தராசிலே அரைக் கிலோ குறைந்தாலும் நாம் குரல் கொடுக்கிறோம். நமது பிள்ளைகளை நிறுக்கும் தராசு மட்டும் ஏன் இவ்வளவு கோணலாயிருக்கவேண்டும்?

பொங்கற் கிண்ணத்தை நிறுத்தவேண்டுமென்று நான் சொல்லவில்லை. அது திருவிழா, இருக்கட்டும். ஆனால் திருவிழா ஒருநாள்; நித்திய பூசை நாள்தோறும். கோயிலை நிலைநிறுத்துவது எதுவென்று இச்சபைக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

சென்ற வாரம் அண்ணனோடு தொலைபேசியிலே பேசியபோது இந்த யோசனையைச் சொன்னேன். அவருக்கு இப்போது மனைவி, இரண்டு பிள்ளைகள். கடை வேலையிலே வயிறும் சற்றுப் பெருத்துவிட்டது. சிரிப்பாரென்று நினைத்தேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “தம்பி, கோல்காப்பாளருக்கு வயசு எல்லை ஏதும் வைக்கப் போறீங்களா?” என்று கேட்டார்.

வைக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கை நிறைவேற்றுவது இனி இம்மன்றத்தின் கையிலே இருக்கிறது.